கடல் கடந்த முகம்: காட்சித் தொலைபேசியும் அரசுக் கட்டுப்பாடும்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கீழக்கரை என்னும் பழந்துறைமுகம் இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அங்கும், பெரியபட்டினம், தேவிபட்டினம், பனைக்குளம் முதலிய ஊர்களிலும் கடல் கடந்து சென்று பொருள் ஈட்டுவோர் பலர். அவர்களை அப்பகுதி மக்கள் 'சபுராளி' என்று அழைக்கிறார்கள்.

2018-ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். துபாயில் வேலை பார்க்கும் ஒரு சபுராளி, வெள்ளிக்கிழமை மாலையில் கீழக்கரையிலுள்ள தம் தாயாருடன் பேசுகிறார்.

"முகத்தைக் கொஞ்சம் காட்டேன் வாப்பா. பார்த்து எத்தனை மாசமாச்சு!"

"இங்கேயிருந்து அது எடுக்காது உம்மா. போட்டோ அனுப்பி வைக்கிறேன்."

மகன் கையில் இருப்பது விலையுயர்ந்த கைபேசி. அதன் முன்புறம் ஒரு காமிரா, பின்புறம் ஒரு காமிரா. தாயார் கையிலும் அதுபோன்ற கருவிதான். கடிதம் போகிறது, புகைப்படம் போகிறது, ஆனால் முகம் பார்த்துப் பேச முடியவில்லை. கருவியில் பழுது இல்லை. அலைகளிலும் குறை இல்லை. அப்படியானால் தடை எங்கே இருக்கிறது?

தடை சட்டத்தில் இருக்கிறது. அயல்நாட்டிலிருந்து இறக்குமதியாகும் ஒரு கைபேசி, தான் செய்ய வல்ல வேலைகளில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை, அது விற்கப்படும் நாட்டின் அரசு முடிவு செய்கிறது. இந்த வழக்கம் கைபேசியோடு பிறந்தது அன்று. தந்திக் காலத்திலிருந்து 150 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வருவது. அதன் வரலாற்றை நம் கிழக்குக் கடற்கரையில் நின்றுகொண்டே பார்த்துவிடலாம்.

குரலும் படமும்

முதலில் ஒரு சிறு கணக்கு. குரலைக் கம்பியில் அனுப்புவது எளிது. படத்தை அனுப்புவது கடினம். எவ்வளவு கடினம்?

எண்முறைத் தொலைபேசியில் குரலை ஒரு நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 'பிட்'டுகளாக எழுதுகிறார்கள். ஆகவே குரலுக்கு நொடிக்கு 64,000 பிட் போதும். இனிப் படத்தைப் பாருங்கள். 352 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்ட மிகச் சாதாரணமான படத்தில் 1,01,376 புள்ளிகள் இருக்கும். வண்ணத்தையும் சேர்த்துப் புள்ளி ஒன்றுக்குச் சராசரி 12 பிட் என்று கொள்வோம். நொடிக்கு 25 படங்கள் அனுப்பினால்தான் அசைவு இயல்பாகத் தெரியும். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 3 கோடிப் பிட்டுக்கு மேல் வருகிறது. அதாவது, ஒரு முகத்தைக் காட்ட ஏறத்தாழ 475 பேர் பேசுவதற்கு வேண்டிய இடம் தேவை!

இந்தத் தடையை அறிஞர்கள் ஓர் எளிய உண்மையைக் கொண்டு வென்றார்கள். நாம் பேசும்போது நம் பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை. உதடும் கண்ணும் மட்டுமே அசைகின்றன. அசைந்த பகுதியை மட்டும் அனுப்பி, மற்றதை முன்பு அனுப்பிய படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொன்னால் என்ன? இவ்வகைச் சுருக்க முறைக்கு 1988-இல் எச்.261 என்னும் உலகத் தர விதி வகுக்கப்பட்டது. அதன் வழிவந்த முறைகளே இன்று நம் கைபேசிக்குள் வேலை செய்கின்றன.

ஆசை அறிவியலுக்கு முந்தியது. 1927 ஏப்ரல் 7-ஆம் நாள், அமெரிக்க வணிகத்துறைச் செயலாளர் ஹெர்பர்ட் ஹூவர் வாஷிங்டனில் பேச, அவர் முகத்தை நியூயார்க்கில் இருந்தோர் கண்டார்கள். அவர்கள் முகம் அவருக்குத் தெரியவில்லை. 1936-இல் ஜெர்மனியில் பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே அஞ்சல் நிலையங்களில் பொதுமக்களுக்கான படத்தொலைபேசி திறக்கப்பட்டது. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி 'பிக்சர்ஃபோன்' என்ற கருவியைக் காட்டியது. 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் அது வணிக முறையில் தொடங்கப்பட்டது. மாத வாடகை 160 டாலர். அதை வாங்க ஆள் இல்லை. சில ஆண்டுகளில் முயற்சி கைவிடப்பட்டது. ஜப்பானில் 1999-இல் காமிராவுடன் கூடிய கைபேசி வந்தது. அது நொடிக்கு 2 படங்களை மட்டுமே அனுப்ப வல்லது. 2001 அக்டோபரில் அதே நாட்டில் மூன்றாம் தலைமுறைச் சேவை தொடங்கிய பிறகே முகம் பார்த்துப் பேசும் கைபேசி நடைமுறைக்கு வந்தது. 2010-இல் ஐபோன் 4 வந்ததும் அது உலகெங்கும் பரவலாயிற்று.

மாத வாடகைக்கு ஆள் கிடைக்காத ஒரு பொருள், 40 ஆண்டுகளில் ஏழைத் தொழிலாளியின் சட்டைப் பையில் வந்து சேர்ந்தது. அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. இனிச் சட்டத்தின் கதையைப் பார்ப்போம்.

கம்பியின் உரிமை யாருக்கு?

இந்தியாவில் முதல் தந்திக் கம்பி 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே போடப்பட்டது. 1857-இல் எழுந்த பெரும் கிளர்ச்சியின்போது, செய்தியை முதலில் பெறுபவன் எவ்வளவு வலிமை பெறுகிறான் என்பதை ஆங்கிலேயர் கண்கூடாகக் கண்டனர். அந்த ஆண்டுகளிலேயே நம் கடற்கரையும் இவ்வலையில் இணைந்தது. 1850-களின் இறுதியில் இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் தந்தி வடம் பாக் நீரிணையின் அடியில் கிடத்தப்பட்டது. பாம்பன் பாலத்தில் இரயில் ஓடத் தொடங்கியது 1914-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மின்சாரச் செய்தி இக்கடலைக் கடந்துவிட்டது.

1885-இல் இந்தியத் தந்திச் சட்டம் வந்தது. அதன் 4-ஆம் பிரிவு, தந்தி நிறுவி நடத்தும் தனியுரிமை அரசுக்கே உண்டு என்றது. பிறர் அரசின் உரிமம் பெற்றே நடத்தலாம். அதன் 5-ஆம் பிரிவு, பொது நெருக்கடி நேரத்தில் செய்தியைத் தடுக்கவும் இடைமறித்து அறியவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. தொலைபேசி கண்டுபிடிக்கப்பட்டு அப்போது 9 ஆண்டுகளே ஆகியிருந்தன. வானொலி பிறக்கவே இல்லை. ஆயினும் அடுத்த நூறாண்டுக்கு மேல் தொலைபேசி, வானொலி, தொலைக்காட்சி, இணையம் அனைத்தையும் ஆண்டது இந்தச் சட்டமே.

வானொலிப் பெட்டிக்கும் உரிமம்

1933-இல் மற்றொரு சட்டம் பிறந்தது. இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் என்பது அதன் பெயர். அது ஏன் வந்தது என்பது சுவையான செய்தி. அந்நாளில் வானொலி கேட்போர் ஆண்டுக் கட்டணம் கட்டி உரிமம் பெற வேண்டும். பலர் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு கட்டணம் கட்டாமல் கேட்டு வந்தனர். ஒலிபரப்பு நிலையங்களோ வருவாயின்றித் தடுமாறின. ஒருவர் தம் வீட்டினுள் வானொலி கேட்டதை மெய்ப்பிப்பது எளிதா? ஆகவே சட்டம் வேறு வழியைப் பிடித்தது. கருவியைப் பயன்படுத்துவது ஒருபுறம் இருக்க, உரிமமின்றி அதை வைத்திருப்பதே குற்றம் என்றது. வெளிநாட்டிலிருந்து ஒரு கருவியைக் கொண்டுவருபவருக்கு இன்றுவரை தொல்லை தரும் விதியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அஞ்சல் நிலையத்துக்குப் போய் வானொலிக்குக் கட்டணம் கட்டி, சிறு புத்தகத்தில் முத்திரை பெற்று வந்த கதையைச் சொல்வார்கள். 1980-களின் நடுப்பகுதியில்தான் இந்த உரிமம் ஒழிந்தது.

உரிமம் என்பது ஒரு தடை. எதைக் கேட்கலாம் என்பது இன்னொரு தடை. 1952-இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள்! இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகள் நிறுவிய ஆற்றல் மிக்க ஒலிபரப்பி அந்நிலையத்துக்கு வாய்த்திருந்தது. 1957-இல் விவித பாரதி தொடங்கித் திரைப்பாடல்களுக்கு மீண்டும் இடம் தரப்பட்டது. 1982-இல் இலங்கையில் ரூபவாகினித் தொலைக்காட்சி தொடங்கியபோதும் நம் தென்கடற்கரையில் உயரமான கம்பம் நட்டு, ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து அதைப் பார்த்தவர்கள் உண்டு.

1980-களில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபின் நிலைமை கடுமையாயிற்று. அகதிகள் படகுகளில் இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாம் நிரம்பியது. இக்கரையில் ஒரு கம்பியில்லாக் கருவி அகப்பட்டால், அது பாட்டுக் கேட்கவா, படை நடத்தவா என்ற ஐயம் எழுந்தது. 1986 நவம்பரில், தமிழ்நாட்டில் தங்கியிருந்த விடுதலைப் புலிகளின் தொடர்புக் கருவிகளைக் காவல் துறை பறிமுதல் செய்ததும், அவ்வியக்கத் தலைவர் பிரபாகரன் சென்னையில் உண்ணாநோன்பு இருந்ததும், கருவிகள் திருப்பித் தரப்பட்டதும் வரலாறு. ஒரு வானொலிக் கருவி துப்பாக்கிக்கு நிகராக மதிக்கப்பட்ட காலம் அது.

அலைக்கு எல்லை உண்டா?

இந்தியாவும் இலங்கையும் 1974-இலும் 1976-இலும் செய்துகொண்ட ஒப்பந்தங்களால் கடல் எல்லை வரையறுக்கப்பட்டது. வரைபடத்தில் அந்தக் கோடு தெளிவாக இருக்கிறது. மின்காந்த அலைக்கு அது தெரியுமா?

தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் நின்று கைபேசியை எடுத்துப் பாருங்கள். சில நேரங்களில் இலங்கைக் கம்பெனியின் பெயர் திரையில் தோன்றும். 'இலங்கைக்கு நல்வரவு' என்று செய்தியும் வரும். நீங்கள் நிற்பதோ இந்திய மண்ணில்! காரணத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அதன் அலை நேரே எட்டும் தொலைவு ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும். கோபுரம் 40 மீட்டர் என்றால் 26 கிலோமீட்டர். கேட்பவர் 4 மீட்டர் மேட்டில் நின்றால் அவர் பங்குக்கு 8 கிலோமீட்டர். மொத்தம் 34. அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இரண்டாம் தலைமுறைக் கைபேசி முறையில் ஒரு கோபுரம் 35 கிலோமீட்டர் வரைதான் அழைப்பை ஏற்கும் என்று ஒரு வரம்பு உண்டு. அதற்குள்ளும் இத்தொலைவு அடங்கிவிடுகிறது.

இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரமுள்ள தூர்தர்ஷன் கோபுரம் நிற்கிறதே, அதற்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 74 கிலோமீட்டர் வரும். எல்லைக்கு அப்பாலும் நம் அலை போய்ச் சேர்கிறது என்பது இதனால் விளங்கும். அலையைத் தடுக்க முடியாத அரசு, அலையைப் பிடிக்கும் கருவியைத் தடுக்க முனைகிறது. இதுவே நம் கதையின் உட்கரு.

கைபேசிக் காலம்

1995 ஜூலை 31-ஆம் நாள் இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு நிகழ்ந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அடுத்த 15 ஆண்டுகளில் சந்தையில் மலிவான இறக்குமதிக் கைபேசிகள் குவிந்தன. ஒவ்வொரு கைபேசிக்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.இ.ஐ. என்னும் அடையாள எண் இருக்க வேண்டும். உங்கள் கைபேசியில் *#06# என்று அழுத்தினால் அது தோன்றும். மலிவுக் கருவிகள் பலவற்றில் இவ்வெண் இல்லை. சிலவற்றில் எல்லாக் கருவிக்கும் ஒரே எண். அத்தகைய கருவியிலிருந்து யார் பேசினார் என்று கண்டுபிடிப்பது அரிது. ஆகவே 2009 நவம்பர் இறுதியோடு, முறையான எண் இல்லாத கைபேசிகளின் இணைப்பு இந்தியாவில் துண்டிக்கப்பட்டது. குற்றம் ஏதும் செய்யாத ஏராளமான ஏழைகளின் கைபேசிகளும் அன்று ஊமையாயின.

அடுத்து வந்தது பூட்டிய செய்திகளின் சிக்கல். சாதாரணத் தொலைபேசிப் பேச்சு ஓர் அஞ்சலட்டை போன்றது, வழியிலுள்ளவர் படிக்கலாம். அரசு ஆணையிட்டால் தொலைபேசி நிலையத்தில் கேட்டு அறியலாம். புதிய கருவிகளோ செய்தியைச் சங்கேத எழுத்தாக மாற்றி அனுப்பின. அது பூட்டிய பெட்டி. திறவுகோல் அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் மட்டுமே இருக்கும். 2008 நவம்பர் 26-இல் கடல் வழியே வந்த கூட்டம் மும்பையில் நடத்திய கொலைவெறித் தாக்குதலின்போது, செயற்கைக்கோள் தொலைபேசியும் இணையவழிப் பேச்சும் பயன்பட்டன. அதன் பின் அரசின் அச்சம் கூடியது. 2010 ஆகஸ்டில் 'பிளாக்பெர்ரி' கைபேசிச் செய்திகளை அறிய வழி செய்யாவிட்டால் சேவை நிறுத்தப்படும் என்று இந்திய அரசு எச்சரித்தது. அதே மாதத்தில் ஐக்கிய அரபு அமீரகமும் சவூதி அரேபியாவும் அதே கம்பெனிக்கு அதே போன்ற எச்சரிக்கையை விடுத்தன.

மூன்றாம் தலைமுறைச் சேவை இந்தியாவில் பரவத் தொடங்கிய 2010–11 ஆண்டுகளில் முகம் பார்த்துப் பேசும் வசதியும் இதே வலையில் சிக்கியது. நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டறிய வழியில்லாத சேவையை நடத்தக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளை வற்புறுத்தியது. குரலை இடைமறிக்கும் கருவிகள் இருந்தன. குரலும் படமும் சேர்ந்து ஓடும் பாய்ச்சலை உடனுக்குடன் பிரித்தறியும் ஏற்பாடு ஆயத்தமாக இல்லை. நாளடைவில் அந்தச் சிக்கல் தளர்ந்தது. மக்கள் கம்பெனிகளின் படத்தொலைபேசியை விட்டு, இணையவழிச் செயலிகளுக்கு மாறினர். 2016-இல் வாட்ஸ்அப் செயலி எல்லாச் செய்திகளையும் பூட்டி அனுப்பத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் முகம் பார்த்துப் பேசும் வசதியையும் தந்தது.

பாலைவனத்தில் தாழிட்ட சாளரம்

இப்போது துபாய்க்குத் திரும்புவோம். வளைகுடாவுக்குச் சென்ற முதல் தலைமுறையினர் வீட்டுடன் எப்படிப் பேசினார்கள்? 1970-களிலும் 80-களிலும் 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒலிநாடாவில் தம் குரலைப் பதிந்து, ஊருக்குப் போகும் நண்பர் கையில் கொடுத்தனுப்பினார்கள். வீட்டில் எல்லாரும் சுற்றி அமர்ந்து அதைக் கேட்பார்கள். மறுபுறத்தில் தம் குரலைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். ஒரு கேள்விக்கு விடை வர ஒரு மாதம் ஆகும்.

இணையம் இந்தத் துயரை ஒரே வீச்சில் ஒழித்திருக்கக் கூடும். ஆனால் அமீரகச் சட்டப்படி, இணையவழிக் குரல், படப் பேச்சை உரிமம் பெற்ற கம்பெனிகளே வழங்கலாம். அங்கு உரிமம் பெற்றவை எடிசலாட், டு என்னும் இரண்டே. ஆகவே ஸ்கைப், வாட்ஸ்அப் அழைப்புகள் அந்நாட்டு வலையிலேயே தடுக்கப்பட்டன. இன்னும் ஒரு படி மேலே சென்று, அமீரகச் சந்தைக்கென இறக்குமதியான ஐபோன்களில் 'ஃபேஸ்டைம்' என்னும் முகம் பார்க்கும் வசதி நீக்கப்பட்டே விற்பனைக்கு வந்தது. உலகெங்கும் ஒரே வடிவில் தோன்றும் கருவியாக இருந்தாலும், எந்த நாட்டுச் சந்தைக்கு உரியது என்பதைக் குறிக்கும் குறியீடு அதனுள் இருக்கிறது. அதைப் பார்த்து மென்பொருள் ஒரு சாளரத்தைத் தாழிட்டுக்கொள்கிறது.

2018 தொடக்கத்தில் எடிசலாட் ஒரு வழி திறந்தது. போட்டிம் போன்ற, இசைவு பெற்ற சில செயலிகள் வழியாகப் பேசலாம். கைபேசிக்கு மாதம் 50 திர்காம் கட்ட வேண்டும். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 900 ரூபாய். கட்டணம் கட்டியவுடன் திறக்கிற கதவு எதற்காகப் பூட்டப்பட்டிருந்தது என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். அயல்நாட்டு அழைப்புக் கட்டணம் தொலைபேசிக் கம்பெனிகளின் பெரிய வருவாய். இலவசப் பேச்சு அதன் அடிமடியில் கை வைக்கிறது. கோபுரம் நட்டவரும் வடம் புதைத்தவரும் முதலீட்டைத் திரும்பப் பெற வேண்டாமா என்று கேட்பாரும் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் கட்டணத்தின் சுமை யார் தலையில் விழுந்தது? நாட்டைவிட்டு வந்து, குறைந்த கூலிக்கு உழைப்பவர் தலையில்தான் மிகுதியும் விழுந்தது.

சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் இத்தடையை நீக்கியது. 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது, அமீரகமும் கல்விக்கும் வேலைக்கும் வேண்டிய சில செயலிகளுக்குத் தற்காலிக இசைவு தந்தது. முகம் பார்ப்பது ஆடம்பரமன்று, தேவை என்பதை ஒரு கிருமி உலகுக்கு உணர்த்தியது.

நம் கடலின் மறுகரையிலும் இதே அனுபவம் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் கலவரம் மூண்டபோதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் நாள் குண்டுவெடிப்புகளின்போதும் இலங்கை அரசு வாட்ஸ்அப், வைபர் முதலியவற்றைச் சில நாள் முடக்கியது. வதந்தி பரவாமல் தடுப்பதே நோக்கம். வதந்தியோடு, "நீ உயிரோடு இருக்கிறாயா?" என்ற கேள்வியும் நின்றுபோயிற்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உறவினரை விட்டுவந்து மண்டபத்தில் வாழ்பவருக்கு அந்த நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆழ்கடலில் ஒரு பாடம்

கட்டுப்பாடு உயிரோடு மோதும் இடம் ஒன்று உண்டு. அது ஆழ்கடல். கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டருக்கு அப்பால் கைபேசி பயனற்றது. அங்கே படகிலுள்ள வி.எச்.எஃப். கருவியும், அதன் 16-ஆம் அலைவரிசையும்தான் துணை. அதுவும் நேர்கோட்டுத் தொலைவு வரைதான். அதற்கும் அப்பால் செயற்கைக்கோள் தொலைபேசியே கைகொடுக்கும். ஆனால் உரிமமின்றி அதை வைத்திருப்பது, நாம் முன்பு பார்த்த பழைய சட்டங்களின்படி குற்றம்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தது. பல நாள் தங்கி மீன்பிடிக்கச் சென்ற குமரி மாவட்ட, கேரள மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் ஒலித்தது. கடலிலிருந்தோர் காதில் விழவில்லை. பலர் திரும்பவே இல்லை. பாதுகாப்புக்காகக் கருவியைத் தடுக்கும் சட்டமும், அதே பாதுகாப்புக்காகக் கருவி கேட்கும் மீனவரும் நேருக்கு நேர் நின்ற தருணம் அது.

இதற்கு அறிவியலே ஒரு நடுவழி காட்டியது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் முதலில் 'நாவிக்' செயற்கைக்கோள் வழியே புயல் செய்தியைப் பெறும் கருவியை உருவாக்கியது. பின்னர், படகிலிருந்தும் குறுஞ்செய்தி அனுப்பவல்ல இருவழிக் கருவி வந்தது. 1 லட்சம் படகுகளில் அதைப் பொருத்தும் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டது. படகு எங்கே இருக்கிறது என்று அரசு அறிகிறது. புயல் எங்கே வருகிறது என்று மீனவர் அறிகிறார். கட்டுப்பாடு ஒரு கையில் எடுத்ததை மறு கையில் கொடுக்கவும் முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்று காரணங்கள், மூன்று கேள்விகள்

இந்த நெடிய வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், அரசுகள் கட்டுப்பாட்டுக்குச் சொல்லும் காரணங்கள் மூன்றே. ஒன்று வருவாய், 1933-இன் வானொலி உரிமமும் 2018-இன் 50 திர்காமும் இவ்வகை. இரண்டு பாதுகாப்பு, 1986-இன் பறிமுதலும் 2010-இன் எச்சரிக்கையும் இவ்வகை. மூன்று, மக்கள் எதைக் கேட்கலாம், எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் ஆசை. 1952-இல் திரைப்பாடலை ஒதுக்கியது இவ்வகை. சொல்லும் காரணமும் உண்மைக் காரணமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வருவாய்க்கான தடை பாதுகாப்பு என்ற சட்டையை அணிந்து வருவதும் உண்டு.

குடிமக்களின் பக்கமும் சட்டத்தில் மெல்ல மெல்ல இடம் பெற்றது. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் 1995-இல் கூறியது. தொலைபேசியை ஒட்டுக்கேட்பதற்கு முறையான ஆணையும் மறு ஆய்வும் வேண்டும் என்று 1996-இல் விதித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் தீர்ப்பளித்தது. 1885, 1933 ஆகிய இரு பழஞ்சட்டங்களின் இடத்தில் தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, 2024 ஜூன் முதல் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. செய்தியை இடைமறிக்கும் அதிகாரமும் சேவையை நிறுத்தும் அதிகாரமும் புதிய சட்டத்திலும் அரசிடமே இருக்கின்றன.

ஆகவே அன்பார்ந்த வாசகர்களே, நாளை ஏதேனும் ஒரு கருவிக்கோ அதன் வசதிக்கோ தடை என்று செய்தி வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது யாருக்காக? இது எவ்வளவு காலத்துக்கு? இதனால் துன்புறும் எளியவருக்கு மாற்று வழி என்ன? ஒக்கிக்குப் பின் வந்த கருவி மூன்றாம் கேள்விக்கு விடை தந்தது. துபாய்த் தொழிலாளிக்கு 2018 வரை அந்த விடை கிடைக்கவில்லை. கிடைத்தபோதும் விலையோடுதான் கிடைத்தது.

மாணவர்களே, அடுத்த முறை இராமேசுவரம் செல்லும்போது அரிச்சல்முனை வரை போய் வாருங்கள். கைபேசியின் திரையில் மறுகரையின் பெயர் தோன்றினால், கோபுர உயரத்தையும் தொலைவையும் வைத்து அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அலை எப்படிக் கடலைக் கடந்தது என்பது விளங்கிவிடும். பிறகு ஊருக்குத் திரும்பியதும், கீழக்கரையில் ஓர் உம்மா தம் மகனின் முகத்துக்காகக் காத்திருந்ததையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் கணக்கையும் போடத் தெரிந்தவர்களே நல்ல சட்டம் செய்ய வல்லவர்கள்.